263 நாள்

சூளையில் 26 வருஷம் வேலை பார்த்தவர் அவர். கணக்கு முடிக்கிற நாளில் என் மேசைக்கு எதிரே மரப் பெஞ்சில் உட்கார்ந்து, முன்னங்கையில் இருந்த பழைய தீக்காயத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அவருடைய லீவு கார்டுகளை வருஷவாரியாக அடுக்கிக் கூட்டிக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு 14 நாள் வீதம் சம்பளத்தோடு கூடிய லீவு. 26 வருஷத்துக்கு 364. அதில் அவர் எடுத்தது 71. கார்டில் மிச்சம் நின்றது 30. அந்த 30 நாளுக்கு மட்டும் பணம் போட்டுக் கொடுத்தோம். மீதி 263 நாள், வருஷா வருஷம் ஜனவரியில் என் கையாலேயே சிவப்பு மையில் கோடு போட்டு ‘லாப்ஸ்’ என்று எழுதிக் காலாவதியாக்கியது.

“அதுக்கு ஏதாச்சும் வருமா சார்?” என்று கேட்டார்.

“வராதுங்க.”

அவர் கோபப்படவில்லை. “சரி, நாமதானே எடுக்கல” என்று சொல்லிவிட்டு ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டார்.

அந்த வார்த்தைதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் அவர் லீவு கேட்டிருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கேட்டிருக்கிறார். அதற்கு நான் சாட்சி. கேட்டதெல்லாம் வாயால் கேட்டது. அதனால் எந்தக் காகிதத்திலும் அது இல்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் 31 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கேட்டுக்கு உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் ஜன்னல் வைத்த சின்ன அறை, அதுதான் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருக்கு எத்தனை மணி நேரம் ஓவர்டைம், யாருடைய கார்டில் எத்தனை நாள் லீவு நிற்கிறது என்பதெல்லாம் அந்த அறையில்தான் எழுதப்படும். ஒரு மனுஷனுடைய வாழ்நாளை அங்கே கட்டம் கட்டமாகப் பார்க்கலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் ரயில் ஜங்ஷன், பழமலைநாதர் கோயில், மாசி மகம். எங்களுக்கு அவற்றோடு பீங்கானும் உண்டு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணில் வெள்ளைக் களிமண் வருகிறது. அந்த மண்ணை நம்பித்தான் இங்கே தொழிற்பேட்டை, சூளைகள், ‘செராமிக் காலேஜ்’ என்று நாங்கள் சொல்லும் அரசுப் பயிற்சி நிறுவனம் எல்லாம் வந்தன. மின்கம்பத்து இன்சுலேட்டர், பியூஸ் கட்டை, கப் சாசர், கொலு பொம்மை, அகல் விளக்கு என்று எங்கள் ஊர் சரக்கு உங்கள் வீட்டுக்கு எப்படியாவது ஒரு தடவை வந்திருக்கும். பால்மில்லில் மண் அரைப்பவர், அச்சில் ஊற்றுபவர், ஓரம் சீவுபவர், கிளேஸில் முக்கி எடுப்பவர், சூளையில் அடுக்குபவர் என்று ஒரு கப் பத்துக் கை மாறித்தான் வெளியே வரும்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் சம்பளத்தோடு லீவு உண்டு என்பதைத் தொழிற்சாலைகள் சட்டம் 1948இலேயே எழுதி வைத்துவிட்டது. அதற்கு முன்னால் 1945இல் வந்த ஒரு திருத்தம்தான் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு முதன்முதலாக வருஷத்தில் 10 நாள் சம்பள விடுமுறை கொடுத்தது. தொழிற்சாலைகள் சட்டம் 1949 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கணக்கு மாறியது. பிற்பாடு வந்த ஒரு திருத்தத்திலிருந்து 2025 நவம்பர் வரை இருந்த கணக்கு இது: ஒரு காலண்டர் வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம், அடுத்த வருஷத்தில் லீவு. 288 நாள் வேலை பார்த்திருந்தால் 14. வகுத்து வரும் மிச்சம் அரை நாளோ அதற்கு மேலோ இருந்தால் அது முழு நாளாகக் கணக்காகும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களும் இதில் அடக்கம். “நமக்கு ரேட்டுதானே, லீவு ஏது?” என்று அச்சுப் பிரிவில் பலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். லீவுக்கு முந்தின மாதம் அவர்கள் முழுநேரம் வேலை செய்து சம்பாதித்ததன் தினச் சராசரிதான் அவர்களுடைய லீவுச் சம்பளம். ஓவர்டைமும் போனஸும் அதில் சேராது, பஞ்சப்படி சேரும்.

அந்தச் சட்டத்தின் எட்டாவது அத்தியாயத்தை நான் நூறு தடவையாவது படித்திருப்பேன். அதை எழுதியவர்கள் தொழிலாளியை வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றும். நான்கு நாளோ அதற்கு மேலோ லீவு அனுமதித்தால், அந்த நாட்களுக்கான சம்பளத்தை லீவு தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. காசில்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் அது ஓய்வாக இருக்காது என்று தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும். வாராந்தர விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் லீவுக் கணக்கில் வரக்கூடாது; நடுவில் வந்தாலும் சரி, ஓரத்தில் வந்தாலும் சரி. அப்படியானால் திங்கள் முதல் சனி வரை 6 நாள் எழுதிக் கொடுத்தால், முன்னால் ஒரு ஞாயிறு, பின்னால் ஒரு ஞாயிறு சேர்ந்து 8 நாள் கையில் வருகிறது. தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்று 1958இல் வந்த தனிச் சட்டம் வருஷத்துக்கு 9 நாள் கொடுக்கிறது. அதுவும் இந்த லீவோடு சேராது. பொங்கலுக்குக் கதவைச் சாத்திவிட்டு அதை லீவு கார்டில் கழிக்கிற இடங்கள் உண்டு. அப்படிக் கழித்தால் தப்பு.

அந்தச் சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் இந்த லீவைப் பிரித்து எடுக்கக் கூடாது. முதலில் படித்தபோது இது ஏதோ கெடுபிடி என்று நினைத்தேன். பிறகு கிளேஸிங் பிரிவில் இருந்த ஒரு அக்காவின் கார்டைப் பார்த்தபோதுதான் அதன் பொருள் பிடிபட்டது. மார்ச்சில் ஒன்று, பையன் பள்ளிக்கூடம். ஏப்ரலில் ஒன்று, நாத்தனார் வீட்டு மஞ்சள் நீராட்டு. மே மாதம் ஒன்று, சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ். ஜூனில் இரண்டு, சாவு. அப்படியே அக்டோபருக்குள் 14 நாளும் தீர்ந்துவிட்டது. அதில் ஒரு நாள்கூட அவருக்கென்று இல்லை. “லீவெல்லாம் எடுத்துட்டேனே சார், என்னமோ அலுப்பு மட்டும் தீரல” என்றார். நம் ஊரில் பெண்கள் லீவு எடுப்பது பெரும்பாலும் இன்னொரு வேலைக்குப் போகத்தான். துண்டு துண்டாகப் போகிற லீவு களைப்பைத் தொடுவதே இல்லை. முதல் இரண்டு நாள் உடம்பு இன்னும் ஷிப்ட்டில்தான் இருக்கும். காலை ஐந்தரை மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். மூன்றாவது நாள்தான் அது இறங்கும். சட்டம் நீளமான லீவைக் கேட்டதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சூளைக்காரருக்கு வருகிறேன். அவர் எப்படிக் கேட்பார் தெரியுமா? ஷிப்ட் முடிந்து போகிற போக்கில், மேஸ்திரியிடம், “அண்ணே, பொங்கல் கழிச்சு ஒரு வாரம் போய்ட்டு வரட்டுமா?” மேஸ்திரி மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார். “இப்ப ஆர்டர் நெருக்கடிப்பா, மாசி மகத்துக்கு எடுத்துக்க.” மாசி மகம் வரும். தேர் ஓடும். அந்த வாரம் லோடிங் இருக்கும். பிறகு கொலு பொம்மைக்கான ஓட்டம், கார்த்திகைக்கு அகல் விளக்கு. ஆடியில் இருந்து கார்த்திகை வரைக்கும் எங்கள் ஊரில் லீவு என்கிற சொல்லே வாயில் வராது. டிசம்பர் முடியும். நான் சிவப்பு மைப் பேனாவை எடுப்பேன்.

அந்தச் சட்டம் சொன்னது இது: எடுக்காமல் விட்ட லீவை அடுத்த வருஷத்துக்கு 30 நாள் வரைதான் கொண்டுபோகலாம், அதற்கு மேல் போனது போனதுதான். ஆனால் முறைப்படி கேட்டு, கொடுக்காமல் மறுக்கப்பட்ட லீவுக்கு இந்த 30 நாள் வரம்பே கிடையாது. அது எத்தனை வருஷமானாலும் கார்டில் நிற்கும். முறைப்படி என்றால், 15 நாள் முன்னதாக எழுத்தில். திடீரென்று உடம்பு முடியாமல் போனால் மட்டும் அந்த 15 நாள் கெடு இல்லை.

இது எனக்குத் தெரியும். மேஸ்திரியிடம் அவர் கேட்டதையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். “அண்ணே, ஒரு தாள்ல எழுதி என்கிட்ட கொடுத்துட்டுப் போங்க” என்ற ஒரு வார்த்தையை 26 வருஷத்தில் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. யாரும் என்னைச் சொல்லக் கூடாது என்று தடுக்கவும் இல்லை. எழுதிக் கொடுத்தால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும், மேனேஜர் முகம் சுளிப்பார். எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அந்த 263 நாளில் பெரும்பகுதி என்னுடைய மௌனத்தால் போனது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் ஊருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டரில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே பிராது கட்டுவது வழக்கம். காணாமல் போன மாடு, பங்காளிச் சண்டை, கொடுத்த கடன் வரவில்லை என்று எது மனக்குறையோ அதை ஒரு தாளில், பேர் ஊரோடு எழுதி, சாமி சன்னதியில் வைத்து வாங்கி, முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வருவார்கள். நியாயம் கிடைத்ததும் மறுபடி வந்து அந்தப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஆள் உண்டு. எல்லாம் அறிந்த தெய்வத்துக்கே நாம் எழுத்தில்தான் கொடுக்கிறோம். கொடுத்த தாளுக்கு ஒரு கனம் இருக்கிறது என்று இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். அதே ஜனங்கள் தொழிற்சாலைக்குள் வந்ததும், தாங்கள் உழைத்துச் சேர்த்த லீவை உதவி கேட்பது மாதிரி நடைபாதையில் நின்று கேட்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு தாங்காது.

“சூளை நிக்காது சார்” என்பார்கள். லீவு மறுக்க எங்கள் தொழிலில் சொல்கிற முதல் காரணம் இது. உண்மைதான். டன்னல் சூளை ஒரு தடவை பற்றவைத்தால் மாதக்கணக்கில் எரியும்; தள்ளுவண்டிகள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வந்துகொண்டே இருக்கும். அணைத்து மறுபடி சூடேற்றினால் எண்ணெய்ச் செலவும் நாளும் போகும். ஆனால் நிற்காதது சூளை. அதன் பக்கத்தில் நிற்கிற ஆள் மாறலாம். சட்டத்தை எழுதியவர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள். வேலை தடைப்படாமல் இருக்க, நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் பேசி, யார் எந்த மாதம் லீவில் போவது என்று ஒரு திட்டம் எழுதித் தலைமை ஆய்வாளருக்குக் கொடுத்துவிடலாம் என்று இருந்தது. அதைத் தொழிற்சாலையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்றும் இருந்தது. வருஷம் பிறக்கும்போதே, ஜூன் முதல் வாரம் என்னுடையது என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டால், கேட்க வேண்டிய கூச்சமும் இல்லை, மறுக்க வேண்டிய சங்கடமும் இல்லை. நான் இருந்த 31 வருஷத்தில் அப்படி ஒரு தாள் எங்கள் சுவரில் ஒட்டப்படவே இல்லை.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். இன்சுலேட்டர் சூளை. உச்சச் சூட்டில், 1,250 டிகிரிக்கு மேலே, பிடித்து நிறுத்த வேண்டிய நேரம். பர்னரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அசந்துவிட்டார். சூடு ஏறிப்போய், உள்ளே இருந்ததெல்லாம் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. காலையில் அவருக்கு மெமோ. அதை டைப் அடித்தது நான். அடிப்பதற்கு முன்னால் வருகைப் பதிவேடான மஸ்டரைப் புரட்டிப் பார்த்தேன். அவர் 19 நாளாக வாராந்தர விடுமுறைகூட இல்லாமல் தொடர்ந்து வந்திருந்தார். முழு நாள் விடுமுறை இல்லாமல் 10 நாளுக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்பது அப்போதைய சட்டம். மெமோவில் அந்த 19 என்கிற எண் வரவில்லை. கட்டியாகிப்போன சரக்கின் மதிப்பு மட்டும் வந்தது.

இத்தனைக்கும் பொறுமை எங்கள் தொழிலுக்குப் புதிதில்லை. சூளையை அணைத்த பிறகு உடனே கதவைத் திறக்க மாட்டோம். சூடு இறங்கும்போது 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் வெளிக்காற்று பட்டால் நன்றாக வெந்த சாமான்கூட ‘டிங்’ என்று விரிசல் விட்டுவிடும், டன்டிங் என்பார்கள். அதனால் பெரிய சூளையாக இருந்தால் இரண்டு நாள் காத்திருப்போம். எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும் எந்த முதலாளியும் திறக்கச் சொன்னதில்லை. திறந்தால் நஷ்டம் அன்றைக்கே கண்ணில் தெரிந்துவிடும். மனுஷன் விஷயத்தில் அது பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, இன்னொரு கட்டடத்தில், டாக்டர் மேசையில் தெரிகிறது.

என் மகள் செவிலியர். அவள்தான் எனக்கு இதெல்லாம் தேடிப் படித்துச் சொல்வாள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இதயத் தமனி நோயிலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. பின்லாந்தில் ஹெல்சிங்கியைச் சேர்ந்த 1,222 ஆண் அதிகாரிகளை 1974, 75இல் சேர்த்து 30 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. எல்லோருக்கும் இதயநோயை வரவழைக்கக்கூடிய காரணம் ஏதாவது ஒன்று இருந்தது. ஒரு பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, புகை நிறுத்தல் என்று எல்லா ஆலோசனையும் கொடுத்தார்கள். அந்தக் குழுவுக்குள்ளேயே வருஷத்தில் மூன்று வாரமோ அதற்குக் குறைவாகவோ விடுமுறை எடுத்தவர்கள், அதற்கு மேல் எடுத்தவர்களைவிட 37 சதவீதம் அதிகமாக இறந்திருந்தார்கள். ஆலோசனை பெறாத குழுவில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் லீவு எடுத்தால் ஆயுள் கூடும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். நல்ல பழக்கம் என்று எத்தனை சொல்லிக் கொடுத்தாலும், ஓய்வில்லாத ஆளிடம் அது ஒட்டாது போலிருக்கிறது என்ற அளவுக்குச் சொல்வேன்.

எங்கள் தொழிலில் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மண் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் வரும் சிலிகோசிஸுக்கு லீவு மருந்தாகாது. தூசியை உறிஞ்சும் ஏற்பாடு, ஈரம் தெளித்து வேலை செய்வது, சரியான முகக்கவசம், இவைதான் காவல். அது சட்டத்தில் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிற வியாதி. இருமல் விடாமல் இருந்தால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டு மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சலுக்கும் முதுகுவலிக்கும் தங்கள் இ.எல்.லை, அதாவது இந்தச் சம்பள லீவை, கரைக்கிறவர்கள் நிறையப் பேர். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு மருத்துவர் சான்று கொடுத்தால், வருஷத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாக வரும். நோய்க்கு அந்தக் கணக்கு இருக்கட்டும். இ.எல். நீங்கள் நன்றாக இருக்கும்போது எடுப்பதற்கு.

காசு விஷயத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். லீவைச் சரண்டர் பண்ணிப் பணமாக வாங்கிக்கொள்வது நம்மிடம் பெரிய வழக்கம். அரசு ஊழியர் வீடுகளில் அந்தப் பணத்தில் தீபாவளித் துணி எடுப்பார்கள். தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் வருஷக் கடைசியில் கேட்டால் லீவுக்குப் பணம் தர வேண்டும் என்கிறது. அதே தொகுப்பு, லீவுக்குத் தகுதி பெற 240 நாள் என்றிருந்ததை 180 ஆகக் குறைத்திருக்கிறது. அது நல்ல காரியம். இடையில் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்களுக்கும் லீவு கிடைக்கும். பணமாக்குவது பற்றித்தான் எனக்குக் கவலை. வட்டிக்கு வாங்கியிருப்பவரிடம் போய் “பணம் வேண்டாம், ஓய்வெடு” என்று சொல்ல எனக்கு வாய் வராது. 14 நாளில் 6 நாளையாவது நாளாகவே எடுங்கள் என்று மட்டும் கெஞ்சுவேன். ஜப்பானில் 2019 ஏப்ரல் முதல், 10 நாளோ அதற்கு மேலோ லீவு உள்ள ஊழியரை வருஷத்தில் 5 நாளாவது லீவில் அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. தவறினால் அபராதம் அவருக்கு. உழைப்பால் சாவதற்கென்றே ‘கரோஷி’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கிற தேசம் அது. பட்டுத் தெரிந்துகொண்டுதான் அந்தச் சட்டத்தைப் போட்டார்கள்.

கடைகளில், நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் இது பேக்டரிக்காரர் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் சட்டப்படி ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 12 நாள் சம்பள விடுமுறை. நோய்க்கு 12, தற்செயலுக்கு 12 தனி. ஜவுளிக்கடையில் புடவை பிரித்துப் போடுகிற பெண்ணுக்கும் அது உண்டு.

பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து நடத்துகிற சின்னப் பட்டறைகளைத் தொழிற்சாலைகள் சட்டம் தொட்டதில்லை. எங்கள் ஊரில் பொம்மையும் அகலும் செய்வது பலவும் அந்த மாதிரி இடங்கள்தான். முதலாளியும் கூடவே மண்ணில் நிற்பார். அவர்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள். கார்த்திகைத் தீபம் முடிந்ததும் மார்கழியில் எப்படியும் வேலை மந்தம். பட்டறையைச் சாத்திவிடுகிறார்கள், கூலி கிடையாது. அந்த மார்கழியில் ஒரு வாரத்துக்காவது கூலி கொடுத்துப் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அச்சில் கை பழகிய ஆள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் இன்னொருவரைப் பழக்க எத்தனை மாசம் ஆகும் என்பதை நான் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நானும் ஒழுங்காக லீவு எடுத்தவன் இல்லை. என் மேசை இல்லாவிட்டால் தொழிற்சாலைக்குச் சம்பள நாளே வராது என்று நம்பினேன். என் 44ஆவது வயதில்தான் முதல் தடவையாக 6 நாள் சேர்ந்தாற்போல எழுதிக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்தே போனது. மூன்றாம் நாள் என் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கடலூருக்கு ரயில் ஏறினேன். 60 கிலோமீட்டர்தான். பிறந்ததிலிருந்து இந்த மாவட்டத்தில் இருக்கிற என் மனைவி, தேவனாம்பட்டினத்தில் அன்றைக்குத்தான் கடலைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, “இதுக்கு எதிர்க்கரை எதுங்க?” என்று கேட்டாள். 1936இல் பிரான்ஸில் தொழிலாளர்களுக்குச் சட்டப்படி இரண்டு வாரச் சம்பள விடுமுறை கிடைத்தபோது, அவர்களில் பலர் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள் என்று பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு ரயில் டிக்கெட்டை அடையாளமாக வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது சம்பள நாள் எப்போதும் போல நடந்து முடிந்திருந்தது. எனக்குப் பதிலாக உட்கார்ந்த இளைஞன் என் மேசையில் ஒரு சீட்டு வைத்திருந்தான். பேக்கிங் பிரிவுப் பெண் ஒருவரின் கார்டில் நான் இரண்டு வருஷத்துக்கு முன்பு கூட்டலில் தப்பு செய்து, அவருக்கு இரண்டு நாள் குறைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தான். நான் அந்த நாற்காலியிலேயே இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது. வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை, வருஷத்தில் ஒரு தடவை, முன்னறிவிப்பு இல்லாமல், குறைந்தது 10 வேலை நாள் சேர்ந்தாற்போல லீவில் அனுப்ப வேண்டும் என்று 2021இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டபோது எனக்கு அந்தச் சீட்டுதான் ஞாபகம் வந்தது. மறைத்து வைத்த மோசடி வெளியே வரட்டும் என்று அவர்கள் செய்கிறார்கள். என்னுடையது வெறும் கூட்டல் பிழை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது இரண்டு நாள்.

ஓய்வுபெற்ற பிறகு சாயங்காலத்தில் பாலக்கரைப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்காருவேன். போன மாதம் ஓரம் சீவுகிற பிரிவில் வேலை பார்க்கிற ஒரு பெண், 25 வயது இருக்கும், வந்து நின்றது.

“அய்யா, லீவு லெட்டர் எழுதித் தரணும். நீங்க எழுதினா கொடுத்துடுவாங்களாம்.”

“எத்தனை நாளும்மா?”

“ஆறு நாளு. எங்கம்மா வீட்ல முந்திரி எடுக்கறாங்க. இல்ல, பொறுக்கறதுக்குப் போவல. சும்மா போயி இருக்கணும்.”

நான் எழுதித் தரவில்லை. கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி அதன் கையில் கொடுத்தேன். பேர், டோக்கன் நம்பர், பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சம்பளத்துடன் கூடிய ஈட்டிய விடுப்பு, லீவுச் சம்பளத்தை முன்கூட்டித் தரவும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெஞ்சில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதியது. காரணம் என்கிற இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

“உடம்பு சரியில்லன்னு போட்டுடட்டுமா?”

“உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘ஓய்வு’ என்று எழுதியது. இன்னொரு தாள் வாங்கி அதையே இரண்டாம் தடவை எழுதச் சொன்னேன். ஒன்று டைம் ஆபீஸுக்கு, மற்றொன்றில் அவர்கள் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். அதைத் தொலைத்துவிடாதே என்றேன். சரிங்கய்யா என்று சொல்லி இரண்டையும் மடித்து, சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் ஈரம் படாத பக்கமாகப் பார்த்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியது.